படி எடுத்துவிட்டுப் பிரிப்போம்: கோயில் பணியில் புதியவர்கள்

அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. பங்குனி புனர்பூசத்தன்று அங்கே நந்திக்குத் திருக்கல்யாணம். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் ஆகும் என்ற நம்பிக்கையோடு பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் வந்து குவிவார்கள். அந்த நெரிசலில் கோயில் சுவரில் உள்ள எழுத்துகளை நின்று பார்ப்பவர் குறைவு. ஆனால் அந்தச் சுவரில் ஓர் அரிய செய்தி இருக்கிறது.

ராஜராஜ சோழன் காலத்தில், பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையாயிற்று. பிரித்தால் சுவரில் உள்ள பழைய கல்வெட்டுகள் அழிந்துவிடும். யார் கொடுத்த நிலம், யார் வைத்த விளக்கு, யாருக்கு என்ன கடமை என்பதெல்லாம் அந்தக் கல்லில்தான் இருந்தன. ஆகவே முதலில் அவற்றை ஏட்டில் படி எடுத்துக்கொண்டார்கள். பிறகு பிரித்துக் கட்டினார்கள். ராஜேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். கட்டடம் புதிது, வாசகம் பழையது. இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வரி வரியாகப் படி எடுத்திருக்கிறார்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டுக் கோயில்கள் எதிர்கொண்டுவரும் ஒரு கேள்விக்கு இந்தக் கல்வெட்டைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. சில குடும்பங்களிடம் மட்டும் இருந்த அர்ச்சகர், ஓதுவார் பணிகளுக்கு மற்றச் சாதியினரும் பெண்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். வரலாமா, கூடாதா என்று நிறையப் பேசிவிட்டோம். வந்தவர் எப்படி நிலைப்பது, இருந்தவர் எப்படி ஏற்பது, தொழில் கெடாமல் எப்படிக் கைமாறுவது என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். சட்டம், நடைமுறை, அனுபவம் என்று மூன்று பக்கமும் இந்தக் கேள்வியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறையும் தகுதியும்

முதலில் தொழிலை அறிய வேண்டும். சிவன் கோயிலில் குருக்கள் அல்லது சிவாசாரியார், பெருமாள் கோயிலில் பட்டர் அல்லது பட்டாச்சாரியார், அம்மன் கோயிலிலும் ஊர்த்தெய்வக் கோயிலிலும் பூசாரி, சிவன் சந்நிதியில் தேவாரம் பாட ஓதுவார், மடைப்பள்ளியில் பரிசாரகர் என்று கோயில் ஒரு கூட்டுத் தொழிலகம். சைவத்தில் காமிகம் முதலான 28 ஆகமங்கள், வைணவத்தில் வைகானசம், பாஞ்சராத்திரம் ஆகியவை அதன் விதிநூல்கள். ஆனால் ஏட்டில் இருப்பது பாதிதான். அபிஷேகத்தில் எந்த திரவியத்துக்குப் பின் எது, எண்ணெய்க்காப்பு எவ்வளவு, கல் திருமேனிக்கும் பஞ்சலோக மூர்த்திக்கும் கை எப்படி மாறும், ஈரத் துணியை எப்படி ஒற்றி எடுப்பது, மாலையின் கனம் சாயாமல் அலங்காரத்தை எப்படிக் கட்டுவது, முத்திரை காட்டும்போது விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அருகில் நின்று கண்ணால் பார்த்துக் கையால் பழகும் வித்தை. குருக்கள் வீட்டுப் பிள்ளை ஏழெட்டு வயதிலேயே அப்பாவுக்குப் பின்னால் பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய் இதைக் கற்றுவிடுகிறான். அது பாடமென்று அவனுக்கே தெரியாது.

இந்த வேலை பெரும்பாலும் 'முறை' வைத்து நடக்கும். பங்காளிகள் நாட்களைப் பிரித்துக்கொள்வார்கள். இந்த மாதம் பெரியவர் வீட்டு முறை, அடுத்தது சின்னவர் வீட்டு முறை. தீபாராதனைத் தட்டில் விழும் காசும் முறைக்காரருக்கே. ஆகவே இங்கே தொழில், சொத்து, உறவு மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டவை. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்தால் அவர் ஒரு பணியிடத்தை நிரப்புவதோடு நிற்பதில்லை. ஒரு குடும்பத்தின் முறைக்கு நடுவில் வந்து நிற்கிறார். எதிர்ப்பின் வேகத்தைப் புரிந்துகொள்ள இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பரம்பரை என்பது இங்கே பழையது என்பதில் ஐயமில்லை. ஆனால் பரம்பரை மட்டுமே பழையது அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் ராஜராஜன் அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்த இடத்துக்கு வரலாம் என்று கல்வெட்டு விதிக்கிறது. அத்தோடு முடிக்கவில்லை. அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை அவர் அமர்த்த வேண்டும். நெருங்கிய உறவே இல்லாவிட்டால் மற்றவர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறப்பு முன்னுரிமை தந்தது, தகுதியே முடிவு செய்தது. பின்னாளில் முதல் பாதி மட்டும் நினைவில் நின்று, இரண்டாம் பாதி மறந்துபோயிற்று.

சட்டம் நடந்துவந்த வழி

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் வாரிசுரிமையை ஏற்றிருந்தது. கருவறைக்குள் அனைவருக்கும் இடம் வேண்டும் என்று பெரியார் போராட்டம் அறிவித்த சூழலில், 1970 டிசம்பரில் மு. கருணாநிதி அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்து வாரிசுரிமையை நீக்கியது. அதை எதிர்த்துத் தொடுத்த சேஷம்மாள் வழக்கில் 1972 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற நிர்வாகச் செயல், ஆகவே வாரிசுரிமையை நீக்கியது செல்லும். ஆனால் ஆகமம் யாரைத் தகுதியுடையவர் என்கிறதோ அவரையே நியமிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு கதவு திறந்தது, அதற்குள்ளேயே இன்னொரு கதவு சாத்தியிருந்தது. அதன் பிறகு நடந்த எல்லா வழக்குகளும் அந்த இரண்டாவது கதவைப் பற்றியவை. தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டு பெரியார் மறைந்தார்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் நீதிபதி எஸ். மகாராஜன் தலைமையில் அமைந்த குழு, உரிய பயிற்சி பெற்றால் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1982இல் பரிந்துரைத்தது. கேரளத்து ஆதித்யன் வழக்கில், பிராமணரல்லாதவர் பூசை செய்யக் கூடாது என்ற வழக்கத்துக்கு அரசமைப்பின் முன் இடமில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2006 மே 23 அன்று, தகுதியும் பயிற்சியும் உள்ள இந்துக்கள் அனைவரும் அர்ச்சகராகலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் பரிந்துரைப்படி மதுரை, திருச்செந்தூர், பழனி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் சைவப் பள்ளிகளும், ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணியில் வைணவப் பள்ளிகளும் திறக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்டோர் படித்து முடித்தார்கள். வழக்கு நிலுவையில் இருந்ததால் வேலை மட்டும் கிடைக்கவில்லை. தீட்சை பெற்று மந்திரம் கற்ற இளைஞர்கள் பல ஆண்டுகள் வேறு வேலை பார்த்துப் பிழைத்தார்கள். பழகாத கை மறந்துவிடும் என்பதால், ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெரிய சேதம் இல்லை.

2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், ஆகமப்படி நியமிக்க வேண்டும், ஆனால் அந்த ஆகம விதி அரசமைப்புக்கு முரணாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு கோயிலாகத்தான் பார்க்க வேண்டும் என்றது. 2018இல் மதுரையில் ஓர் ஐயப்பன் கோயிலில் முதல் நியமனம். 2021 ஆகஸ்ட் 14 அன்று மு.க. ஸ்டாலின் அரசு கோயில் பணிக்கு ஆணை வழங்கிய 58 பேரில் 24 பேர் அரசுப் பள்ளிகளில் பயின்ற பல சாதி அர்ச்சகர்கள். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் பணி விதிகள் செல்லும் என்றும், ஆகமக் கோயில்களில் ஆகமப்படியே நியமனம் நடக்க வேண்டும் என்றும் கூறி, எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி எம். சொக்கலிங்கம் தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. 2023 ஜூனில், சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், ஆகமம் நன்கு தெரிந்தவராக இருந்தால் போதும், சாதி வழி வந்த பரம்பரைக்கு அர்ச்சகர் நியமனத்தில் இடமில்லை என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்.

50 ஆண்டுத் தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் இழை தெரிகிறது. பிறப்பின் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது, தகுதியின் எடை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டின் மறந்துபோன பாதியை நீதிமன்றங்கள் வேறு மொழியில் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

பெண்கள்

பெண்களின் வருகை இதே கதையின் இன்னொரு கிளை. 2006இல் திருச்சி உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் அங்கயற்கண்ணி ஓதுவாராக நியமிக்கப்பட்டார். 2021இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் சுஹாஞ்சனா. தேவாரத்துக்குப் பெண் குரல் அன்னியமானதன்று. காரைக்கால் அம்மையாரை நாயன்மார் வரிசையில் வைத்த சமயம் இது. தேவாரம் பாடிய மூவருக்கும் முன்பே பதிகம் பாடியவர் அவர்.

பூசையில் தடை இன்னும் கெட்டி. உசிலம்பட்டிப் பக்கத்தில் துர்க்கையம்மன் கோயில் பூசாரியின் மகள் பின்னியக்காள், தந்தைக்குப் பின் பூசை செய்யும் உரிமையைக் கேட்டார். பெண் என்பதால் ஊரில் சிலர் தடுத்தார்கள். 2008இல் நீதிபதி கே. சந்துரு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இங்கே உரிமை கோரியவர் பரம்பரையின் உள்ளிருந்தே வந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பரம்பரையே அளவுகோல் என்று சொன்னவர்கள், வாரிசு மகளாக இருந்தபோது அளவுகோலை மாற்றிக்கொண்டார்கள். 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியில் பயின்ற மூன்று பெண்கள் அர்ச்சகர் சான்றிதழ் பெற்றார்கள். சான்றிதழிலிருந்து சந்நிதி வரை உள்ள தூரம்தான் இனி அளக்க வேண்டியது.

ஆணை கிடைத்த மறுநாள்

நியமன ஆணை ஒருவரைக் கோயில் வாசல்வரை கொண்டுவரும். அதற்குப் பிறகு அவரை உள்ளே கூட்டிச்செல்ல வேண்டியவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர். திருச்சியை அடுத்த குமாரவயலூர் முருகன் கோயிலில் 2021இல் நியமிக்கப்பட்ட இருவரின் நியமனத்தை, அங்கே பணியாற்றிவந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. ஒரே கோயிலில் மணியடிக்க வேண்டியவர்கள் எதிரெதிராக நீதிமன்றப் படியேறினார்கள். கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்யம் கோயிலில் 2025இல் தேர்வு வாரியம் மாலை கட்டும் கழகப் பணிக்கு ஓர் ஈழவ இளைஞரை அனுப்பியது. தலைமைப் பூசகர்களான தந்திரிகள் பணியைப் புறக்கணிக்க, அவரை அலுவலக வேலைக்கு மாற்றினார்கள். கடைசியில் அவரே விலகிவிட்டார். அதே கேரளத்தில் 2017இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்துக்குத் தேர்வான பிராமணரல்லாத 36 பேரில் 6 பேர் தலித்துகள். ஒரே மாநிலத்தில் ஒரு கதவு திறந்தும் இன்னொரு கதவு சாத்தியும் இருக்கிறது.

இருக்கும் அர்ச்சகர்களின் அச்சத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பாடசாலையில் கற்றதை ஓராண்டுச் சான்றிதழ் ஈடுகட்டுமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓராண்டில் அர்ச்சனையும் நித்திய பூசையும் கைவரலாம். யாகசாலை, பிரதிஷ்டை, கும்பாபிஷேகம் கைவராது. ஆனால் இந்தக் கேள்வியைப் பிறப்பு பார்த்துக் கேட்கக் கூடாது. குருக்கள் வீட்டில் பிறந்து மந்திரம் தெரியாமல் தீபம் மட்டும் காட்டுபவரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

புதியவர்களின் வேதனையும் உண்மையானது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் பிழை வரும். வந்த பிழையைச் சுட்டி, இதற்குத்தான் சொன்னோம் என்பார்கள். சொல்லித்தராதவரே தெரியவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்தத் தொழிலிலும் அறமாகாது.

இந்த மண் பார்த்த பழைய வருகைகள்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் தனி நினைவு ஒன்று இருக்கிறது. புலமையும் ஒருகாலத்தில் குருகுலத்துக்குள் அடைந்த, நெருக்கமான தொழிலாகவே இருந்தது. உ.வே. சாமிநாதையர் இளமையில் கற்றது இந்த ஊர்களில். அரியலூர்ச் சடகோபையங்கார் அவருக்குத் தமிழ்ச் சுவையை ஊட்டினார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகைப் பாடம் சொன்னார். பிராமணப் பிள்ளை ரெட்டியார் வீட்டுத் திண்ணையில் யாப்புக் கற்றது, கற்பித்தவருக்கும் கற்றவருக்கும் பெருமையாகவே முடிந்தது. பிறகு அவர் போய்ச் சேர்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்களில் நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் உண்டு, கிறித்தவரான சவரிராயலு நாயக்கரும் உண்டு. பிள்ளை திருவாவடுதுறைச் சைவ மடத்தின் வித்துவான். தம் நம்பிக்கையில் அணுவளவும் தளராதவர். பாடம் கேட்க வந்தவருக்குத் தமிழைக் குறைத்துக் கொடுக்காதவர்.

அதற்கும் முன்னால், அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி தங்கியிருந்தார். தமிழ் கற்று வீரமாமுனிவர் ஆனார், தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். அவருக்கு இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர்கள் யாரோ இருந்தார்கள். வெளியாள் என்று அவர்கள் ஏட்டை மூடியிருந்தால் தமிழுக்குத்தான் இழப்பு. எழுத்துச் சீர்திருத்தமும் அகராதிக் கலையும் புதியவர் ஒருவர் வந்ததால் நமக்குக் கிடைத்த வரவு.

மற்றச் சமயங்களும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபை 1994இல் முதன்முதலாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. ஏற்க மனம் வராத சபைகளுக்குத் தனி ஏற்பாடும் செய்து வைத்தது. 2015இல் அங்கே முதல் பெண் பேராயர் வந்தார். தென்னிந்தியத் திருச்சபையில் அதற்கு முன்பே, 2013இல், புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார். இரண்டு இடத்திலும் மனம் மாற ஒரு தலைமுறை ஆயிற்று. அந்தத் தலைமுறை முழுவதும் பெண் குருக்கள் ஞாயிறுதோறும் பீடத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். வாதத்தால் மாறாத பல மனங்கள் அன்றாடம் பார்த்துப் பழகியதால் மாறின.

ஒரு கால பூசை

இந்த விவாதம் எப்போதும் பெரிய கோயில்களைச் சுற்றியே நடக்கிறது. எங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து உண்மை வேறு. கங்கைகொண்ட சோழபுரம், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், கல்லங்குறிச்சிப் பெருமாள் போன்று கூட்டம் வரும் கோயில்கள் சில. மற்றவை ஒரு கால பூசைக்கே எண்ணெய் தேடும் கோயில்கள். ஒரே குருக்கள் மொபெட்டில் மூன்று நான்கு ஊர்களுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வருவதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். மாநிலம் முழுவதும் ஒரு கால பூசைத் திட்டத்தில் இருந்த 12,959 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்க அரசு 2021இல் தொடங்கியது. ஆயிரம் ரூபாயைத் திட்டமாக அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அவர்கள் வாங்கியது என்ன என்று யோசிக்க வேண்டும்.

குருக்கள் வீட்டுப் பிள்ளைகள் கணினி படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். போனதில் தவறில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளும் நாரணமங்கலம் டயர் ஆலையும் எறையூர்க் காலணி ஆலையும் இருக்கின்றன. இந்தச் சம்பளத்துக்கு இந்த வேலைக்கு யார் வருவார்? பரம்பரை அர்ச்சகரும் புதிய அர்ச்சகரும் ஒருவரையொருவர் எதிராளியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் பொதுவான எதிராளி கதவைத் தட்டுகிறது. அது பூட்டிய கோயில். இன்னும் 20 ஆண்டில் நம் கிராமத்துக் கோயிலில் மாலை விளக்கு ஏற்ற ஆள் இருக்குமா என்பதே எங்கள் ஊர்களின் முதல் கவலை. அந்தக் கவலை உள்ளவர், விளக்கேற்ற வருபவரின் சாதியைக் கேட்க மாட்டார்.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு வர முடிகிறது.

பயிற்சிக் காலம் நீள வேண்டும். ஓராண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் குறைந்தது மூன்றாண்டாவது ஒரு மூத்த அர்ச்சகரின் கீழ் ஊதியத்தோடு பழக வேண்டும். பரம்பரை வீட்டிலிருந்து வருபவருக்கும் அதே தேர்வு, அதே அளவுகோல் வேண்டும். அப்போதுதான் தகுதி என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ஒரே பொருள் இருக்கும்.

கற்பிக்கும் மூத்தவரை ஆசானாக அறிவித்து, அதற்கெனத் தனி ஊதியமும் மேடையில் மரியாதையும் தர வேண்டும். இன்று அவரைச் சீர்திருத்தத்தில் தோற்றவராக நடத்துகிறோம். தோற்றவர் எதையும் மனமுவந்து கற்றுத்தர மாட்டார். வித்தையின் கடைசி நுணுக்கங்கள் அவர் கையில் இருக்கின்றன. அவர் காலம் முடிந்தால் அவையும் போய்விடும்.

தட்டுக்காசை நம்பி வாழும் நிலை போய், கௌரவமான நிலையான சம்பளம் வர வேண்டும். பங்கு குறையும் என்ற பயம் நீங்கினால் எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும். பெண் அர்ச்சகர்களையும் ஓதுவார்களையும் தனியாளாக ஒரு கோயிலுக்கு அனுப்பாமல், இருவர் மூவராக அனுப்ப வேண்டும். தங்க இடமும் உடை மாற்ற அறையும் இல்லாமல் அனுப்பும் ஆணை பாதி ஆணைதான்.

ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. புதியவர் தீபம் காட்டும்போது மற்றவருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு கை நீட்டித் திருநீறு வாங்க வேண்டும். அவர் அந்த இடத்தில் நிலைப்பது எந்தத் தீர்ப்பையும்விட அந்தக் கையில்தான் இருக்கிறது.

திருமழபாடிச் சுவரை இப்போது மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். பிரிக்கவே கூடாது என்று நின்றிருந்தால் விமானம் ஒருநாள் தானாகச் சரிந்திருக்கும். படி எடுக்காமல் பிரித்திருந்தால் கல் மட்டும் மிஞ்சியிருக்கும். இன்று அந்தப் படி ஓலையில் இல்லை. ஊர் ஊராக விளக்கேற்றி வரும் வயதான குருக்களின் கைகளில் இருக்கிறது. ஏடு பிடித்து அவர் அருகில் உட்காரத் தயாராக, எந்த வீட்டிலோ பிறந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் காத்திருக்கிறார்கள். அவர்களை உட்காரவிட வேண்டும். அவர் கை ஓயும் முன்பே உட்காரவிட வேண்டும்.